பன்னிரண்டு மணித் தண்ணீர்

எங்கள் பொறியாளர் சங்க மலரில் ஓய்வு பெற்றவர்களுக்கென்று ஒதுக்கும் பக்கங்களுக்கு எழுத வேண்டும் என்று கேட்டபோது தயங்கினேன். எனக்கு முப்பத்தைந்து வயதுதான் ஆகிறது. பாசனப் பிரிவில் உதவிப் பொறியாளராக எட்டு ஆண்டுகள் இருந்துவிட்டு, மகளைப் பார்த்துக்கொள்வதற்காக வேலையை விட்டவள். அதை ஓய்வு என்று சொல்லலாமா என்று தெரியவில்லை. ஆனால் என் பழைய இடத்தில் இப்போது இருக்கும் நித்யா விடவில்லை.

"மேடம், பீரோவ ஒழிச்சப்ப உங்க காலத்து அறிவிப்புப் பதிவேடு கிடைச்சுது. இப்பதான் தண்ணி வர்ற நேரம் எல்லா விவசாயிக்கும் ஒரே நேரத்துல மெசேஜா போயிடுதே, இத தூக்கிப் போட்டுடலாமான்னு பார்த்தேன். ஒரு பக்கத்துல மட்டும் சிவப்பு மையில அடிச்சு, பக்கத்துல உங்க கையெழுத்து இருக்கு. அது என்ன மேடம்?"

அது ஃபோனில் சொல்கிற கதை இல்லை, எழுதியே தருகிறேன் என்றேன்.

அதே வாரம்தான் என் கணவர் வேலை பார்க்கும் வளைகுடா நாட்டின் மேல் ஏவுகணைகள் பறந்தன. "இங்க ஒண்ணும் இல்ல, சைரன் மட்டும்தான் அடிக்குது" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஆறு வயது மகள், "அத்தா ஊர்ல யாருக்கு யார் மேல கோவம்?" என்றாள். யாருக்கும் யார் மேலும் பெரிய கோபம் இல்லாமலேயே சண்டை நடக்கும் என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? நான் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். அதில் பாதி என் கையால் நடந்தது. அதைத்தான் எழுதுகிறேன். ஊர்களின் பெயரையும் ஆட்களின் பெயரையும் மாற்றியிருக்கிறேன்.

தேர்வு எழுதி வேலைக்கு வந்தபோது எனக்கு இருபத்து நான்கு. கல்லூரியில் நீரியல் படித்திருந்தேன். வரப்பில் நடக்கத் தெரியாது. முதல் ஆண்டில் மூன்று ஜோடி செருப்பைச் சேறு வாங்கிக்கொண்டது. பயிற்சி பற்றிச் சொல்ல அதற்கு மேல் இல்லை. மற்றதெல்லாம் உதவி செயற்பொறியாளர் சிவநேசன் சாரிடம் வேலை பார்த்ததில் படிந்தது.

சார் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. எதையும் முதலில் பென்சிலால் எழுதுவார், படித்துப் பார்ப்பார், பிறகு அதன் மேலேயே பேனாவை ஓட்டுவார். எந்தத் தகவலைச் சொன்னாலும் ஒரே கேள்விதான் கேட்பார்: நேரம்?

"அளவு பார்த்தீங்களா?"

"பார்த்தேன் சார். மூணடி ரெண்டங்குலம்."

"எப்ப?"

"காலைல சார்."

"காலைலன்னா? கையில கட்டியிருக்கறது வாட்ச்சா, வளையலா?"

ஷட்டரைத் தொடுவதற்கு முன் அவர் பிரிவில் ஒரு முறை உண்டு. முதலில் கல்லில் பதித்த அளவுகோலைப் படிக்க வேண்டும். அடுத்து நேரத்தை எழுத வேண்டும். பிறகு தண்ணீர் போகப்போகும் திசையைப் பார்த்து நின்று மூன்று முறை குரல் கொடுக்க வேண்டும். வாய்க்காலுக்குள் யாராவது இருப்பார்கள். மாடு குளிப்பாட்டுவார்கள், பாத்திரம் கழுவுவார்கள். மதகுகளைத் திறந்து மூடும் ஊழியரை எங்கள் துறையில் லஸ்கர் என்போம். எங்கள் லஸ்கர் தங்கராசு, மூன்றாவது குரலுக்குப் பிறகும் ஒரு வெற்றிலையைத் துடைத்து, சுண்ணாம்பு தடவி, மடித்து வாயில் போடும் வரை காத்திருப்பார். அதன் பிறகுதான் கைப்பிடியை மாட்டுவார். கழற்றி மாட்டும் இரும்புக் கைப்பிடி அது, முழங்கை நீளம். வேறு யாரும் மதகைத் தொடக் கூடாது என்று வேலை முடிந்ததும் அதை சைக்கிளில் கட்டி வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவார்.

இன்னொன்றும் உண்டு. தண்ணீர் அளவு மாறப்போகிறது என்றால், முந்தின நாள் மாலையே அந்த வாய்க்காலை நம்பியிருக்கும் ஊராட்சித் தலைவர்கள் எல்லோருக்கும் ஃபோன் செய்து நேரத்தைச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு அறிவிப்புப் பதிவேட்டில் அவரவர் பெயருக்கு எதிரே நேரத்தைக் குறித்து டிக் அடிக்க வேண்டும். அரசாணையில் இப்படி இருக்கிறதா என்று நான் தேடிப் பார்த்ததில்லை. சாரிடம் கேட்டபோது அவர் பென்சிலைக் கீழே வைத்தார்.

"சொன்னா ரெண்டு ஊருக்கும் சொல்லுங்க. இல்லன்னா ரெண்டு ஊருக்கும் சொல்லாதீங்க. அவ்வளவுதான்."

மயிலாடுதுறை பக்கம் போகும் சாலையிலிருந்து உள்ளே இரண்டு கிலோமீட்டரில் இருக்கிறது அந்த மதகு. காவிரியிலிருந்து வரும் வாய்க்கால் அங்கே இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் நெடுஞ்சேரிக்கு, வலப்பக்கம் வடகட்டளைக்கு. ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு இரும்பு ஷட்டர். தண்ணீர் போதாத ஆண்டுகளில் முறை வைத்து விடுவோம். ஆறு நாள் ஒரு ஊர், அடுத்த ஆறு நாள் மற்ற ஊர். நான் சொல்லும் ஆண்டு அப்படிப்பட்டது. சம்பா நடவு நேரம். வடகட்டளையின் முறையில் அன்று நான்காம் நாள். நெடுஞ்சேரி ஷட்டர் மூடியிருந்தது. அதன் பின்னால் ஏறக்குறைய நாலடித் தண்ணீர் நின்றது. முன்னால் வாய்க்கால் வறண்டு கிடந்தது. நெடுஞ்சேரியில் நாற்றங்கால்கள் மஞ்சளாகிக்கொண்டிருந்தன.

நெடுஞ்சேரி ஊராட்சித் தலைவர் குமரவேல் பண்பான மனிதர். இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. கர்ப்பமாக இருந்தபோது நான் கரையில் நடந்தால் பின்னாலேயே யாராவது இளநீரோடு வருவார்கள்; தலைவர் கொடுத்தனுப்பியதாகச் சொல்வார்கள். அந்த ஆண்டு அவர் நிலைமை சரியில்லை. உள்ளாட்சித் தேர்தல் வரப்போகிறது என்ற பேச்சு இருந்தது. வடகட்டளையில் தண்ணீர் ஓடுகிறது, நம் தலைவருக்கு வாங்கித் தரத் துப்பில்லை என்று அவர் ஊர் டீக்கடையிலேயே பேசினார்கள். அது எனக்கும் தெரியும். தெரிந்தும் இவற்றை நான் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமை மாலை, மேலே கூடுதலாகத் திறந்துவிட்டார்கள் என்ற தகவல் வந்தது. எத்தனை மணிக்கு எங்கள் மதகை எட்டும் என்று நானே கணக்குப் போட்டேன். மறுநாள் நண்பகல் பன்னிரண்டு. இரண்டு ஊருக்கும் தாராளமாகப் போதும், முறையே தேவையில்லை. அவ்வளவு மகிழ்ச்சி எனக்கு. மதகடியிலிருந்த கொட்டகையில் பதிவேட்டை விரித்து, இரண்டு தலைவர்கள் பெயரையும் எழுதிக்கொண்டு, முதலில் குமரவேலை அழைத்தேன். தங்கராசு பக்கத்தில் உட்கார்ந்து கைப்பிடிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

"தலைவரே, நல்ல செய்தி. நாளைக்குப் பன்னிரண்டு மணிக்குத் தண்ணி வந்துடும். முறை ரத்து. ரெண்டு ஷட்டரையும் முழுசாத் தூக்கிடுவோம்."



"பன்னிரண்டு மணிக்கா மேடம்? நிச்சயமா?"

"நிச்சயமா. நானே கணக்குப் போட்டேன்."

"அதுக்கு முன்னாடி வராதுல்ல?"

நான் சிரித்தேன். "அவ்வளவு அவசரமா தலைவரே? எப்படியும் பதினொண்ணே முக்காலுக்கு முன்னாடி வராது."

"சரிங்க மேடம், ரொம்ப சந்தோஷம். பாப்பாவுக்குப் பல்லு வந்துடுச்சா?"

வந்துவிட்டது என்றேன். ஃபோனை வைத்ததும் ஆறு பத்து என்று குறித்தேன். அடுத்தது வடகட்டளைத் தலைவர் ராமநாதன். அவர் பெயருக்கு எதிரே ஆறு பதினைந்து என்று எழுதி, இரண்டு டிக்கையும் ஒரே மூச்சில் அடித்தேன். அழைக்கப்போகிறோமே, எழுதிவிட்டு அழைத்தால் என்ன என்ற எண்ணம். பல நாள் அப்படிச் செய்திருக்கிறேன். அப்போது என் ஃபோன் அடித்தது. மாமியார்.

"பாப்பாவுக்கு உடம்பு கொதிக்குதும்மா. கண்ண தெறக்க மாட்டேங்குது. கெளம்பி வா."

மகளுக்கு அப்போது பத்து மாதம். பதிவேட்டை மூடிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அந்த இரவு ஈரத்துணியும் தெர்மாமீட்டரும்தான். ராமநாதன் என்ற பெயரே நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் காலை காய்ச்சல் இறங்கியது. ஒன்பதரைக்கு தங்கராசு ஃபோன் செய்தார். "அம்மா, நெடுஞ்சேரி ஆளுங்க கடப்பாரையோட வந்துக்கிட்டு இருக்காங்க. வடகட்டளைக்கும் சேதி போயிடுச்சு." காவல் நிலையத்துக்குச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது மதகின் இரண்டு பக்கமும் நாற்பது நாற்பது பேர் இருப்பார்கள். நடுவில் குமரவேல், வெள்ளைச் சட்டையில்.

"நம்ம நாத்து கருகுது. அவங்க ஊர்ல வாத்து நீந்துது. இன்னும் எத்தன நாளைக்குக் கையக் கட்டிக்கிட்டு நிக்கறது?"

"முறை எங்களுது தலைவரே," என்றார் ராமநாதன். "நாலாவது நாள்தான் ஆகுது. எழுதி வச்சதுதானே?"

"எழுதி வச்சத எங்க நாத்துக்குப் படிச்சுக் காட்டுங்க."

சிரிப்பு எழுந்தது. நான் கூட்டத்துக்குள் நுழைந்து கத்தினேன். "பன்னிரண்டு மணிக்குத் தண்ணி வருதுங்க. ரெண்டு ஊருக்கும் வருது. இன்னும் ரெண்டு மணி நேரம்தான்."

எல்லோரும் குமரவேலைப் பார்த்தார்கள். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தில் தடுமாற்றமே இல்லை.

"மேடம் பாவம், தினமும் இதத்தான் சொல்றாங்க," என்றார் ஊராரிடம். "அவங்களுக்கு மேலேர்ந்து சொல்லச் சொல்றாங்க, சொல்றாங்க."

முந்தின நாள் என் வாயால் கேட்டவர். நேரத்தை இரண்டு முறை உறுதி செய்துகொண்டவர்.

ராமநாதன் என் பக்கம் வந்தார். "தண்ணி வருதாம்மா? எங்களுக்கு யாரும் சொல்லலியே. சொல்லியிருந்தா நாங்க ஏன் இங்க வந்து நிக்கறோம்?"

அப்போதுதான் எனக்கு அந்த இரண்டாவது டிக் நினைவு வந்தது. நான் பதில் சொல்வதற்குள் எங்கிருந்தோ ஒரு கல் வந்து அவர் நெற்றியில் பட்டது. அதன் பிறகு பேச்சு இல்லை. மண்வெட்டிக் காம்புகள்தான்.

அந்தக் கலவரத்தில் நெடுஞ்சேரியைச் சேர்ந்த பிரபு என்ற இளைஞர் மதகின் மேல் ஏறி, ஷட்டரைத் தூக்கும் பல்சக்கரத்தில் கடப்பாரையைக் கொடுத்துச் சுற்றத் தொடங்கினார். ஷட்டர் இரண்டு விரல் அளவு எழும்பியது. அடியிலிருந்து தண்ணீர் சீறியது. கைப்பிடியோடு ஓடிவந்த தங்கராசு, வறண்ட நெடுஞ்சேரி வாய்க்காலைப் பார்த்து நின்றுகொண்டு குரல் கொடுத்தார். ஒரு முறை. இரண்டு முறை. மூன்று முறை. இத்தனை அடிதடிக்கு நடுவில் இவர் ஏன் அந்தப் பக்கம் பார்த்துக் கத்துகிறார் என்று எனக்குப் புரியவில்லை. பிறகு பிரபுவிடம் திரும்பி, "கைய எடுடா, கீழ ஆளு இருக்கு" என்றார். அதையும் மூன்று முறை சொன்னதாக நினைக்கிறேன். பிரபு இன்னொரு சுற்று சுற்றினார். தங்கராசு கைப்பிடியை ஓங்கி அவர் முன்கையில் ஒரு அடி அடித்தார்.

எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. கடப்பாரை தண்ணீரில் விழுந்தது. தங்கராசு கைப்பிடியை மாட்டி, ஷட்டரை இறக்கி, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

வாய்க்காலில் இருநூறு அடிக்கு அப்பால் வளைவு. வளைவுக்குப் பின்னால் ஒரு சிறுபாலம். அதனடியில் ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு இரண்டு சிமெண்ட் குழாய்கள். நெடுஞ்சேரியின் நூறு நாள் வேலைப் பெண்கள் பதினாறு பேர் அன்று காலை அங்கே வெங்காயத்தாமரையை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் குழாய்க்குள் இருந்தார்கள். வேலைக்கு வரும் வழியில் அவர்கள் தங்கராசுவிடம் தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுப் போயிருந்தார்கள். மதகடியில் நின்றிருந்தவர்களில் அவர் ஒருவருக்குத்தான் அது நினைவிருந்தது.

கூட்டத்தின் வேகம் அந்த உடைந்த கையைப் பார்த்து நின்றுபோனது. தங்கராசு தானே இறங்கி, தன் துண்டைக் கிழித்துப் பிரபுவின் கையைக் கட்டி, யாருடைய வண்டியிலோ ஏற்றி அனுப்பினார். ராமநாதனையும் தூக்கிப் போனார்கள். போலீஸ் வந்தது. பெண்கள் சேற்றுக் காலோடு கரையேறி வந்து என்ன நடந்தது என்று கேட்டார்கள்.

பதினொன்று ஐம்பத்தைந்துக்குத் தண்ணீர் வந்தது.

நுரையும் சருகுமாக, சத்தமில்லாமல் வந்தது. அளவுகோலில் ஏறுவதை எல்லோரும் நின்று பார்த்தார்கள். நான் முறைப்படி நேரத்தை எழுதினேன். தங்கராசு மூன்று குரல் கொடுத்து இரண்டு ஷட்டரையும் தூக்கினார். நெடுஞ்சேரி ஆட்களில் யாரோ கைதட்டினார்கள். "தலைவர் வாங்கிக் குடுத்துட்டார்யா" என்று ஒரு குரல். உடனே எல்லோரும் தட்டினார்கள்.

குமரவேல் என் பக்கத்தில் வந்து நின்று, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"சொன்ன மாதிரியே வந்துடுச்சு மேடம். அஞ்சு நிமிஷம் முன்னாடியே."

இத்தனை ஆண்டுகளில் நான் அதிகம் யோசித்தது இந்த வாக்கியத்தைத்தான். தண்ணீர் தானாக வந்தால் அவருக்கு அதில் ஒன்றுமில்லை. அவர் அழைத்துப் போய், அடித்துப் பிடுங்கி வந்ததாக இருக்க வேண்டும். அதற்கு அவருக்கு ஒரு கெடு இருந்தது, நண்பகல் பன்னிரண்டு. கெடுவைச் சொன்னவள் நான். தொலைக்காட்சியில் தலைவர்கள் இனி வேறு வழியே இல்லை என்று சொல்லும்போது நான் இப்போதெல்லாம் அவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. வேறு வழி ஏதாவது எத்தனை மணிக்கு வருவதாக இருந்தது, அது இவர்களுக்கு முன்பே தெரியுமா என்றுதான் தோன்றுகிறது.

அன்று மூன்று மணிக்கு தங்கராசுவைக் கைது செய்தார்கள். புகார் நெடுஞ்சேரியிலிருந்து: லஸ்கரின் மனைவிக்குப் பிறந்த ஊர் வடகட்டளை, அதனால் எங்களுக்குத் தண்ணீர் மறுத்தார், கேட்கப் போன விவசாயியின் கையை உடைத்தார், தண்ணீர் வரப்போவதாக எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. கீழே குமரவேலின் கையெழுத்து.

அரசு ஊழியர் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால் பணியிடை நீக்கம் தானாகவே வந்துவிடும். ஆகவே வியாழக்கிழமை மூன்று மணி வரை அவகாசம் இருந்தது. அதற்குள் எங்கள் அலுவலகம் சரியான அறிக்கை தர வேண்டும். குமரவேலுக்குத் தண்ணீர் வரும் நேரம் முன்பே தெரியும் என்று காட்டினால், வந்தது தவித்துப்போன விவசாயிகள் அல்ல, தெரிந்தே கூட்டிவந்த கூட்டம் என்று ஆகும். தங்கராசுவின் அடிக்கு அர்த்தம் மாறும். அதற்கு இருந்த சாட்சி என் பதிவேடு. ஆனால் பதிவேட்டில் இரண்டு டிக். ராமநாதன் தனக்குச் சொல்லவே இல்லை என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்துவிட்டார், அது உண்மை. அந்த ஒரு பொய்யான டிக், பக்கத்திலிருந்த உண்மையான டிக்கையும் பொய்யாக்கிக்கொண்டிருந்தது. முதலாவதைக் காப்பாற்ற, இரண்டாவது பொய் என்று நான் சொல்லியாக வேண்டும். அரசுப் பதிவேட்டில் பொய் எழுதியதாக.

நான் சொல்லவில்லை. செவ்வாய் இரவு சொல்லவில்லை, புதன் முழுவதும் சொல்லவில்லை. வேலை போய்விடுமோ, குழந்தை இருக்கிறதே, கணவரும் ஊரில் இல்லையே என்று என்னிடமே காரணங்கள் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு நாளும் மகளுக்குப் பால் கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்று எழுத ஆசை. உண்மை அதுவல்ல. நன்றாகப் பார்க்க முடிந்தது. அவளுக்காகத்தான் செய்கிறேன் என்று நம்பினேன்.

வியாழன் காலை சிவநேசன் சார் அறைக்கு ஒரு பெண் வந்தார். நூறு நாள் வேலை அட்டையைக் கையில் வைத்திருந்தார். பெயர் வளர்மதி. பிரபுவின் தாய்.

"கேசுக்கு எழுதறீங்களாமே சார். என் புள்ளைக்குக் கை உடைஞ்சுது. கம்பி வச்சுக் கட்டியிருக்காங்க. அந்த லஸ்கர நெனச்சா எனக்கு வயிறு எரியுது."

"உட்காருங்கம்மா," என்றார் சார்.

"இருக்கட்டும். நான் குழாய்க்குள்ள இருந்தேன் சார். அதையும் எழுதிக்கிடுங்க. நானும் பாக்கியமும். தண்ணி ஒரு சாண் வந்துச்சு, நின்னு போச்சு. என் புள்ளதான் தெறந்தான்னு அப்புறம்தான் சொன்னாங்க. அவனுக்குத் தெரியாது சார், நாங்க எங்க வேலன்னு வீட்டுல சொல்லிட்டா வர்றோம்?"

"உங்க தலைவருக்குத் தெரியுமா?"

"காலைல பேரு எழுதினப்ப அவருதான் வந்து நின்னு சொன்னாரு. குழாய்ல அடச்சிருக்கறத எடுங்க, தண்ணி வரப்போவுதுன்னு."

சாரின் பென்சில் நின்றது. நான் சுவரோரமாக நின்றிருந்தேன். தண்ணீர் வரப்போகிறது என்று அந்தப் பெண்களிடம் சொல்லியிருக்கிறார். அரை மணி நேரம் கழித்து, வராது என்று ஆண்களிடம் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண்களை மறந்தே போனாரா, அல்லது ஷட்டர் அவ்வளவு சீக்கிரம் திறக்காது என்று நினைத்தாரா, அல்லது நினைக்கவே இல்லையா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. மறந்தார் என்று நம்பத்தான் விரும்புகிறேன். மறந்தார் என்பதும் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

வளர்மதி போன பிறகு நான் சொன்னேன். "சார், அந்த ரெண்டாவது டிக் பொய். ராமநாதனுக்கு நான் ஃபோன் பண்ணல."

சார் என்னைத் திட்டவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"செவ்வாய்க்கிழமை காலைல சார்."

"மணி?"

"பத்து."

அதைப் பென்சிலால் எழுதினார். இப்போது மணி பதினொன்று இருபது என்று அதன் கீழே எழுதினார். பேனாவை என்னிடம் நீட்டினார். அது சிவப்புப் பேனா. இரண்டாவது டிக்கை அடித்து, பக்கத்தில் கையெழுத்திட்டேன். அதுதான் நித்யா பார்த்த பக்கம்.

பிறகு இருவருமாக கிளைச் சிறைக்குப் போனோம். அறிக்கைக்காக தங்கராசுவிடம் சார் கேட்ட கேள்விகளை நான்தான் எழுதினேன்.

"எத்தன குரல் குடுத்தீங்க?"

"மூணு சார். அவன்கிட்டயும் சொன்னேன்."

"அவனப் புடிச்சு இழுத்திருக்கலாமே?"

"நடுவுல நாலு பேர் நின்னாங்க சார். கைப்பிடிதான் எட்டுச்சு."

"தலையில ஏன் அடிக்கல?"

"சுத்துனது கைதானே சார்."

"ரெண்டாவது அடி?"

தங்கராசு கேள்வி புரியாதவர் போலப் பார்த்தார். "அவன்தான் கைய எடுத்துட்டானே சார்."

அடிப்பது எப்போது சரி என்று யாராவது கேட்டால் எனக்குத் தெரிந்தது இந்த நான்கு பதில்கள்தான். கையை ஓங்காதே என்று மகளுக்குச் சொல்லி வளர்க்கிறேன். சொல்லும்போதே இந்தப் பதில்கள் நினைவுக்கு வருகின்றன, முழுதாகச் சொல்லவில்லையோ என்று குழம்புகிறேன்.

ஜாமீன் வெள்ளிக்கிழமைதான் கிடைத்தது. நாற்பத்தெட்டு மணி நேரம் கடந்துவிட்டது. தங்கராசு நான்கு மாதம் பணியிடை நீக்கத்தில் இருந்தார். செவ்வாய் மாலையே நான் சொல்லியிருந்தால் ஸ்டேஷன் ஜாமீனிலேயே வந்திருப்பார் என்று வக்கீல் சொன்னார். வழக்கு பின்னால் கைவிடப்பட்டது. எனக்குக் குற்றக் குறிப்பாணை வந்தது, தண்டனையும் வந்தது, சொல்லும்படி பெரியதல்ல. குமரவேல் மேல் கலவர வழக்கு ஒன்று போட்டார்கள். அது நடந்துகொண்டே இருந்தது, அவர் அடுத்த தேர்தலிலும் ஜெயித்தார். பிரபு அவருக்காக வீடு வீடாகப் போனார், அந்தக் கையோடு.

குமரவேல் ஏன் அப்படிச் செய்தார் என்று நான் அதிர்ச்சியோடு கேட்டுக்கொண்டே இருந்தேன். இருந்த இடம் போய்விடுமோ என்ற பயம்தான், வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை. எனக்கு அது தெரியும். அதே பயத்தில்தான் நான் இரண்டு நாள் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

நான்கு மாதம் கழித்து தங்கராசு வேலையில் சேர்ந்த அன்று மதகுக்குப் போனேன். அவர் கைப்பிடியை மடியில் வைத்து எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார், அந்தத் திங்கட்கிழமை மாலை உட்கார்ந்திருந்த அதே இடத்தில். அதைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. நான் ஒரு ஃபோன்தான் செய்தேன் என்பது இவருக்குத் தெரியும். பக்கத்திலேயே இருந்தார். போலீஸ் விசாரணையிலும் சரி, சாரிடமும் சரி, அவர் அதைச் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் அவருக்குத்தான் நல்லது.

"தங்கராசு, நான் ராமநாதனுக்கு ஃபோன் பண்ணலங்கறது உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்மா."

"ஏன் சொல்லல?"

அவர் கைப்பிடியைத் திருப்பி அடுத்த பக்கத்தைத் துடைத்தார்.

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

நித்யா, அந்தப் பதிவேட்டைத் தூக்கிப் போட வேண்டாம்.